காலி என்று சொன்னால் போதாது

எங்கள் துப்பாக்கி சுடும் மன்றத்தில் அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். தமிழர்கள் மட்டுமில்லை. லிம் அங்கிளுக்கு அப்போதே எழுபது வயது. அவருக்கும் அவர் அக்காதான். மலாய்க்காரப் பையன்கள் மரியாதைக்கு முன்னால் ஒரு 'காக்' சேர்த்து 'காக் அக்கா' என்பார்கள். அவர்கள் மொழியில் காக் என்றாலும் அக்காதான். ஆக அவர் அக்கா அக்கா ஆகிவிட்டார். சுவரில் மாட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில், சுடுதளக் கண்காணிப்பாளர் பெயர் என்ற கட்டத்தில், எந்தக் காலத்துச் செயலாளரோ அக்கா என்றே எழுதிவைத்திருந்தார். யாரும் திருத்தவில்லை.

நான் மன்றத்தில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்க நுண்ணோக்கி வழியாகக் குட்டிக் குட்டிச் சில்லுகளைப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது. டாக்டர், ரத்த அழுத்தம் இறங்க ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் தோட்ட வேலையைத்தான் மனதில் வைத்திருப்பார். நண்பன் ஒருவன் என்னைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனான்.

முதல் நாளே அக்கா என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். ஒரு வருஷம் கழித்து, உறுப்பினர் விண்ணப்பப் பாரங்களை அடுக்கிக் கொடுக்கும்போது அவருடைய பிறந்த ஆண்டைப் பார்த்தேன். என்னைவிட ஒரு வயது இளையவர். ஓடிப்போய்ச் சொன்னேன். பாரத்தை வாங்கி, என் அடையாள அட்டையையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆமாம் தம்பி, நீதான் பெரியவன்" என்றார். அதற்குப் பிறகும் தம்பிதான்.

அவர் எதையும் பார்க்காமல் ஏற்றுக்கொள்வதில்லை. அதுதான் அவருடைய குணம். அதைச் சுற்றித்தான் அவரைப் பற்றிய எல்லாக் கதைகளும்.

துப்பாக்கியை யார் கொடுத்தாலும் திறந்து பார்ப்பார். கொடுப்பவர் அவர் கண்ணெதிரே அப்போதுதான் திறந்து பார்த்திருந்தாலும் பார்ப்பார். லிம் அங்கிளும் அதே கட்சி. அங்கிள் ரிவால்வரின் ஆறு தோட்டா அறைகளையும் சுற்றிக் காட்டிக் கொடுப்பார். அக்கா வாங்கி ஆறையும் சுற்றிப் பார்த்து மேசையில் வைப்பார். அங்கிள் அதை எடுத்து மறுபடியும் பார்ப்பார். ஒரு முறை இது நாலு சுற்று போனது. இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பில்லை. நாங்கள்தான் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

மன்றத்தில் நவீனத் துப்பாக்கிகள் நிறைய இருந்தன. ஆனால் அக்காவின் செல்லம் ஒரு பழைய ரிவால்வர். பின்பக்கம் இருக்கும் சுத்தியலைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்தால்தான் ஒரு தோட்டா சுடும். அடுத்ததற்கு மறுபடியும் இழுக்க வேண்டும். விசையை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. அவசரக்காரர்களுக்கு அது பிடிக்காது.

"இது நல்ல துப்பாக்கி" என்று புதியவர்களிடம் சொல்வார். "ஒவ்வொரு தடவையும் உன்னக் கேக்கும், நெசமாவே சுடப்போறியா, நெசமாவே சுடப்போறியான்னு."

அதில் ஆறு அறைகள். ஆனால் ஐந்து தோட்டாதான் போட விடுவார். எனக்குச் சொல்லிக்கொடுத்த அன்று நான் ஏன் என்று கேட்டேன். அவர் சுத்தியலின் நுனியைக் காட்டினார். அதில் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்த ஊசி எது மேல படுத்திருக்குன்னு பாரு. ஆறும் நெறச்சா ஒரு தோட்டாவோட முதுகு மேலயே படுத்திருக்கும். கை தவறிக் கீழ விழுந்து சுத்தியல்ல அடி பட்டா, நீ விசையத் தொடவே வேணாம், அதுவே சுட்டுடும். அதனால ஊசிக்குக் கீழ எப்பவும் காலி அறை."

சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தினால் அறைகள் இருக்கும் உருளை சுழலும். பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். "ஒண்ணு போடு, ஒண்ண விடு, நாலு போடு" என்பார். அந்தக் கணக்கில் போட்டு, சுத்தியலை முழுக்க இழுத்து, கட்டை விரலால் பிடித்தபடி மெதுவாக இறக்கினால் ஊசி சரியாகக் காலி அறையின் மேல் வந்து உட்காரும். துப்பாக்கியின் முனை அந்த நேரம் முழுக்க இலக்குகளுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும். விரல் விசைக்கு வெளியே. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. இதையெல்லாம் அவர் சொன்ன விதத்தில் பயமுறுத்தல் இருக்காது. சமையல் குறிப்பு சொல்வது போல இருக்கும்.

அவருடைய அப்பா அந்த மன்றத்தில் காவலாளியாக இருந்தவர். பின்கட்டில் இருந்த இரண்டு அறை வீட்டில்தான் அக்கா பிறந்து வளர்ந்தார். கல்யாணமாகி அக்கரையில் இருக்கும் நிபோங் திபாலுக்குப் போய்விட்டாலும், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கடல் பாலம் தாண்டி வந்துவிடுவார். வெள்ளைக் கேன்வாஸ் காலணி, கழுத்தில் ஒரு துண்டு, கையில் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கேரியர். கேரியரில் எப்போதும் எங்களுக்கும் சேர்த்து ஏதாவது இருக்கும்.

வாரநாளில் அவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டினார். விடியற்காலையில் நிபோங் திபாலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸுக்கு வந்து இறக்கிவிடுவார். அந்தப் பேருந்தில் வந்தவள்தான் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த சாந்தி. நான் சுடுதளத்தில் அக்காவைத் தெரியும் என்றதும் அவள் ஒரு கதை சொன்னாள்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல். விடுப்புக் கேட்கப் பயந்து பஸ் ஏறிவிட்டாள். கடைசி இருக்கையில் உட்கார்ந்தவள், பாலத்தின் மேல் போகும்போது மயங்கி இருக்கைகளுக்கு நடுவில் சரிந்துவிட்டாள். தொழிற்சாலை வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய மேற்பார்வையாளர், "காலி அக்கா, போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கமாகப் பஸ்ஸை வெயிலில் நிறுத்தி, எல்லாக் கதவையும் சன்னலையும் பூட்டிவிட்டு, சாயங்காலம்தான் திறப்பது.

"அக்கா இன்ஜின நிறுத்திட்டு எழுந்து கடைசி சீட்டு வரைக்கும் நடந்து வந்தாங்க சார்" என்றாள் சாந்தி. "தினமும் நடப்பாங்களாம். குனிஞ்சு சீட்டுக்கு அடியிலயும் பாப்பாங்களாம். என்னைத் தூக்கி உக்கார வச்சு, தண்ணி குடுத்து, அதே பஸ்ஸுலயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. டெங்கி. அவ்வளவு பெரிய பஸ்ஸுல நான் ஒருத்திதான்."

மறு ஞாயிறு இதைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். அவர் சாந்தி நன்றாக இருக்கிறாளா, எடை ஏறியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பிறகு, "அந்த மேற்பார்வையாளரு நல்லவருதான். அவரு கண்ணுக்கு முன்னால இருந்த சீட்டெல்லாம் காலியாத்தான் இருந்துச்சு" என்றார்.

மன்றத்தின் ஆண்டு விருந்தில் அவருடைய கணவரை ஒரு முறை பேசச் சொன்னோம். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கும் மெலிந்த மனிதர், கூச்ச சுபாவம். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கோயில்ல தாலி கட்டுனேன்" என்றார். "ஃபாதர் அடுத்த ஜெபத்த ஆரம்பிச்சிட்டாரு. இவ குனிஞ்ச தலைய நிமிக்காம, முடிச்ச ரெண்டு தடவ இழுத்துப் பாத்தா. அப்புறம்தான் என்னப் பாத்துச் சிரிச்சா."

அவ்வளவுதான் பேசினார். விருந்தில் அதற்குத்தான் பெரிய கைதட்டல். அக்கா வெட்கப்பட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

புதிய கூரை போட்ட வருஷம், திறந்துவைக்க, அரசுப் பட்டம் பெற்ற ஒரு டத்தோ வந்தார். நம்மவர்தான், கலகலப்பான ஆள். ஐந்து தோட்டா சுட்டார். பிறகு ரிவால்வரைக் கையில் வைத்தபடியே புகைப்படக்காரர் பக்கம் திரும்பப் போனார். துப்பாக்கியும் அவரோடு திரும்பத் தொடங்கியது. அது கால் வட்டம்கூட வரவில்லை. அக்காவின் உள்ளங்கை அவர் மணிக்கட்டின் கீழ் வந்து, முனையை மண்மேட்டுக்கே திருப்பி நிறுத்தியது. ஒரு குழந்தையின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவது போல மெதுவாகத்தான் செய்தார்.

"என்னம்மா, காலிதானே? அஞ்சும் சுட்டுட்டேன்" என்றார் டத்தோ.

"சுட்டிருப்பீங்க டத்தோ. ஆனா அந்தப் போட்டோக்காரத் தம்பிக்கு ரெண்டு புள்ளைங்க லா."

டத்தோவுக்குப் பின்னால் நின்ற எங்கள் தலைவரின் முகம் வெளுத்துவிட்டது. கூரைக்குப் பணம் கொடுத்தவர் டத்தோதான். டத்தோ சில விநாடி அக்காவைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை அவரிடமே கொடுத்துவிட்டு, "அப்ப நான் எதப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?" என்றார்.

அக்கா ஆறு அறைகளையும் பார்த்து மேசையில் வைத்துவிட்டு, நடந்துபோய் அவர் சுட்ட இலக்குத் தாளை எடுத்து வந்தார். ஐந்தில் ஒன்றுதான் தாளிலேயே பட்டிருந்தது, அதுவும் ஓரத்தில். டத்தோ அதை இரண்டு கையாலும் மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் மன்றத்தின் வரவேற்பறையில் தொங்குகிறது. அது ஒன்றுதான் அங்கே எல்லோரும் நின்று பார்க்கும் படம்.

இதுவரை சொன்னதெல்லாம் மற்றவர்கள் கதை. இனி என்னுடையது.

சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு நன்றாகச் சுட வந்துவிட்டது. நன்றாகச் சுடுகிறேன் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அன்று காலை எங்கள் வரிசையில் நான்கு பேர். நான் பழைய ரிவால்வரில் ஐந்து தோட்டா போட்டுச் சுட்டேன். பக்கத்தில் ஒருவர் சுட்ட சத்தத்தையும் என்னுடையது என்று எண்ணியிருக்க வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டது. நான்குதான் சுட்டிருந்தேன், ஐந்து என்று நினைத்துக்கொண்டேன். கதவைத் திறந்து, சுட்ட கூடுகளை வெளியேற்றும் கம்பியால் ஒவ்வொரு அறையாகத் தள்ளினேன். ஐந்து தடவை தள்ளினேன். ஆனால் அதில் ஒன்று முதலிலிருந்தே காலியாக இருந்த அறை. ஆறாவதைச் சுற்றிப் பார்க்கவில்லை. ஐந்து போட்டோம், ஐந்து தள்ளினோம், முடிந்தது.

சுட்டு முடிந்ததும் எல்லோரும் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர வேண்டும். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, பச்சைக் கொடியைக் காட்டினால்தான் இலக்கு வரை நடந்துபோகலாம். லிம் அங்கிள் எப்போதும் முதல் ஆளாகப் போவார். அவருக்கு முழங்கால் வலி, மெதுவாக நடப்பார். அதனால் கோட்டின் ஓரத்தில் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

அக்கா என் மேசைக்கு வந்தார்.

"காலி அக்கா" என்றேன். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்து ஆளிடம் என் குறியின் பெருமையைச் சொல்லத் தொடங்கியிருந்தேன்.

அவர் சுத்தியலைப் பாதி இழுத்து, கதவைத் திறந்து, உருளையைச் சுற்றும் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். ஐந்து தடவை. ஆறாவதில் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். அவர் ரிவால்வரின் முனையை மண்மேட்டுப் பக்கம் வைத்தபடி, கம்பியால் தள்ளினார். பளபளவென்று ஒரு முழுத் தோட்டா மேசையில் உருண்டது.

லிம் அங்கிள் கோட்டின் ஓரத்தில் அப்படியே நின்றார். அக்கா துப்பாக்கியை வைத்துவிட்டு, அந்தத் தோட்டாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"எவ்வளவு கனமா இருக்கு பாரு" என்றார்.

கனமாகத்தான் இருந்தது.

அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். திட்டவில்லை. கண்காணிப்பாளர் புத்தகத்தில் என் பெயரை எழுதி, நடந்ததை இரண்டு வரியில் எழுதி, என்னைப் படிக்கச் சொன்னார். மூன்று மாதம் சுடக்கூடாது. ஆனால் ஞாயிறுதோறும் வர வேண்டும். வந்து சுட்ட வெற்றுக் கூடுகளைப் பெருக்கி எடுக்க வேண்டும்.

"வராம வீட்டுல உக்காந்தா வெக்கப்பட்டுக்கிட்டே நின்னுடுவ" என்றார். "வா. பெருக்கு. சாப்புடு."

நான் வந்தேன். பெருக்கினேன். அவர் கேரியரில் கொண்டுவந்த நெத்திலி சம்பாலும் சோறும் சாப்பிட்டேன். மூன்றாவது வாரம் லிம் அங்கிள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கை காட்டி நிறுத்திவிட்டு, அவர் தட்டிலிருந்த முட்டையை என் தட்டில் வைத்தார்.

அந்த மூன்று மாதத்தில்தான் நான் அக்காவிடம் கேட்டேன். மன்றத்தில் பலரும் கிசுகிசுக்கும் கேள்வி அது. சின்ன வயதில் அவர் கண்ணெதிரே ஏதோ நடந்திருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். அவருடைய தம்பி என்று ஒருவர், அப்பாவின் கை என்று இன்னொருவர். ஆளுக்கொரு கதை. அப்படி இல்லாவிட்டால் ஒரு மனுஷி இவ்வளவு பார்க்க மாட்டாள் என்பது எல்லோருடைய முடிவு.

"அக்கா, இங்க முன்னால ஏதாவது நடந்துச்சா?" என்றேன்.

"என்ன நடந்துச்சா?"

"விபத்து. நீங்க இப்படிப் பாக்குறதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு சொல்றாங்க."

அவர் கையிலிருந்த தே தாரிக் டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

"ஒண்ணுமே நடக்கல தம்பி. எங்கப்பா முப்பது வருஷம் இங்க இருந்தாரு, ஒண்ணும் நடக்கல. நானும் இருக்கேன், ஒண்ணும் நடக்கல. அதுக்குத்தான் லா பாக்குறது."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. மறுவாரம் கிசுகிசுக்காரர்களிடம் சொன்னபோது அவர்களும் நம்பவில்லை. பாவம், சொல்ல மனசில்லை போல என்றார்கள்.

அக்கா இவ்வளவு நன்றாகத் துப்பாக்கியைத் தெரிந்தவர், ஆனால் போட்டியில் கலந்துகொண்டதே இல்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு பின்னால்தான் நிற்பார். யாரும் இல்லாத நேரத்தில் அவர் சுடுவதைப் பார்த்திருக்கிறோம். ஐந்து ஓட்டையும் ஒரு ஐம்பது காசு நாணயத்துக்குள் அடங்கிவிடும். மாநிலங்களுக்கு இடையிலான மன்றப் போட்டியில் அந்தப் பழைய வகை ரிவால்வருக்கென்று தனிப் பிரிவு உண்டு. நாங்கள் இரண்டு வருஷம் கெஞ்சி, மூன்றாவது வருஷம் அவர் கணவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, பெயர் கொடுக்க வைத்தோம். நாலு மாதம் பயிற்சி எடுத்தார். வேலை முடிந்து, ஆட்களை நிபோங் திபாலில் இறக்கிவிட்டு, மறுபடியும் பாலம் தாண்டி வந்து வெளிச்சம் இருக்கும் வரை சுடுவார்.

போட்டி எங்கள் தளத்திலேயே நடந்தது. ஒரு சுற்றுக்கு ஐந்து தோட்டா, மொத்தம் ஆறு சுற்று. ஐந்தாவது சுற்று முடிந்தபோது அக்கா நான்கு புள்ளி முன்னால் இருந்தார். இரண்டாவதாகத் தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு சீன ஆசிரியை. கடைசிச் சுற்றுக்கு அக்கா கோட்டுக்கு வந்தபோது நாங்கள் பின்னாலிருந்து கை தட்டினோம். தட்டினோம் என்பது குறைவு. லிம் அங்கிள் நாற்காலியைத் தட்டினார். சாந்தி தன் தோழிகள் ஆறு பேரைக் கூட்டி வந்திருந்தாள், அவர்கள் விசிலடித்தார்கள். அக்கா தோட்டாக்களைப் போட்டுக்கொண்டே, தலையைத் திருப்பாமல், கன்னம் உப்பச் சிரித்தது பக்கவாட்டில் தெரிந்தது.

சுத்தியலை மெதுவாக இறக்கினார். மணி அடித்தது. துப்பாக்கியை உயர்த்தி, சுத்தியலை இழுத்து, விசையை அழுத்தினார்.

டிக்.

வெடிக்கவில்லை. தோட்டா பழுதாக இருந்தால் அப்படி ஆகும். சில சமயம் சில விநாடி தாமதித்தும் வெடிக்கும். அதனால் துப்பாக்கியை இலக்கைப் பார்த்தபடியே அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அக்கா அப்படியே நின்றார். அரை நிமிஷம். எங்கள் கைதட்டல் எல்லாம் அடங்கிவிட்டது.

போட்டி அதிகாரி ஈப்போவிலிருந்து வந்த ஒரு தமிழ் இளைஞர். "பழுது தோட்டா அக்கா" என்றார். "உங்க தப்பு இல்ல. எல்லாத்தையும் கொட்டிட்டு வேற அஞ்சு போட்டு மறுபடியும் சுடலாம்." விதி அப்படித்தான். அவர் குறிப்பேட்டில் எழுதவும் தொடங்கிவிட்டார்.

அக்கா கதவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளி, ஐந்து தோட்டாவையும் உள்ளங்கையில் ஏந்தினார். ஒவ்வொன்றின் முதுகையும் திருப்பிப் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். பிறகு கையை அந்த இளைஞரிடம் நீட்டினார்.

"பழுது இல்ல தம்பி. எதுலயும் ஊசி பட்ட தடமே இல்ல பாருங்க. காலி அறை மேல அடிச்சிருக்கு."

அவருக்குப் புரியவில்லை.

"நான் ரெண்டு போட்டு, ஒண்ண விட்டு, மூணு போட்டிருக்கேன்" என்றார் அக்கா. "எண்ணினது தப்பு. அப்படின்னா சுத்தியல நான் இறக்கினப்ப ஊசி தோட்டா இருந்த அறை மேல உக்காந்திருக்கு."

அந்தப் போட்டியில் தோட்டாவின் மேல் சுத்தியலை இறக்குவதற்கு ஒரே தண்டனை, ஆட்டத்திலிருந்து நீக்கம். இளைஞர் பேனாவை நிறுத்தினார். சுற்றிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரும் பாக்கல அக்கா. நானே பாக்கல. விடுங்க, மறுபடியும் சுடுங்க" என்றார்.

"நான் பாத்தேனே" என்றார் அக்கா. "எழுதுங்க."

அவர் எழுதும் வரை பக்கத்திலேயே நின்று, எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ரிவால்வரின் ஆறு அறைகளையும் சுற்றிக் காட்டி ஒப்படைத்தார். பிறகு எங்கள் பக்கம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சாந்தி அழுதுகொண்டிருந்தாள்.

நான்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எப்படிக்கா?" என்றேன்.

"நீங்கல்லாம் கை தட்டினீங்க" என்றார். "மொத தோட்டாவப் போட்டுட்டு, சத்தம் நல்லா இருக்குதேன்னு கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். எனக்கு யாரும் அப்படித் தட்டினதில்ல தம்பி."

"வருத்தமா இருக்கா?"

"இருக்காதா? நாலு மாசம்."

கொஞ்ச நேரம் துண்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. நான் எழுந்துபோய் அவருக்கு ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் ஐஸ் சென்டோல் வாங்கி வந்தேன். பாதி சாப்பிட்டதும், தைப்பிங் ஆசிரியையின் கடைசிச் சுற்றைப் பார்க்க எழுந்து போனார். அந்த அம்மாள் ஜெயித்தபோது முதலில் கை தட்டியவர் அக்காதான். ஆனால் அந்த அம்மாள் தோட்டாக்களைக் கொட்டிக் காட்டி முடிக்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் தட்டினார்.

மறு வருஷம் இனி அவர் போட்டிக்கு வரமாட்டார் என்று நாங்கள் நினைத்தோம். யாரும் கேட்கவும் இல்லை. அவரே பாரத்தை வாங்கிப் பெயர் எழுதிக் கொடுத்தார். போட்டிக்கு முன்னால் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, "தட்டுங்க. நல்லாத் தட்டுங்க. நான் எண்ணிக்கிறேன்" என்றார்.

நாங்கள் தட்டினோம். ஆறு சுற்றும் தட்டினோம். அவர் ஒவ்வொரு தோட்டாவையும் வாய்விட்டு எண்ணிப் போட்டார். அன்று காற்று பலமாக அடித்தது, குறி கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போனது. மூன்றாவது இடம்தான் கிடைத்தது. வெண்கலப் பதக்கம், சிவப்பு நாடா. மேடையிலிருந்து இறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் உலகத்திலேயே மூன்றாவது இடம்தான் பெரிய இடம் என்று நினைத்திருப்பீர்கள். கணவர் அதைக் கையில் வாங்கிப் பார்க்கக் கேட்டதற்கு, என் கழுத்தில் இருக்கும்போதே பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

இப்போது அவர் ஜொகூரில் மகளோடு இருக்கிறார். பேரப்பிள்ளைகளின் பள்ளிப் பைகளைத் தினமும் திறந்து பார்ப்பதாக மகள் சொல்கிறாள். எனக்கு அவரை நினைத்தால் அந்தப் பதக்கம் வாங்கிய மறுநாள் திங்கட்கிழமைதான் ஞாபகம் வருகிறது. நான் பார்க்கவில்லை, சாந்தி சொன்னது.

அக்கா சீருடைக்கு மேல் பதக்கத்தைப் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டி வந்தாராம். நிபோங் திபாலில் ஏறிய முதல் ஆள் அதைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர்கள் படம் எடுத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார்கள். அக்கா ஒவ்வொரு முறையும் கைப்பிரேக்கை இழுத்து, இன்ஜினை நிறுத்தி, எழுந்து நின்று சிரித்திருக்கிறார். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கை தட்டினார்களாம். அவர் பஸ் ஓட்டிய பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அன்று எங்கள் காலை நேர ஆட்கள் இருபது நிமிஷம் தாமதமாக வந்தார்கள். வாசலில் மேலாளர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நின்றாராம். அக்கா சன்னலைத் திறந்து, பதக்கத்தை வெளியே நீட்டிக் காட்டினாராம்.